இனிப்பை நிறுத்தினால் செல்லின் மேலுள்ள சர்க்கரை கழன்றுவிடுமா?

"செல்களின் மேல் சர்க்கரை படிவதால்தான் நோய் வருகிறது, 21 நாள் இனிப்பைத் தொடாவிட்டால் அது கழன்று செல் சுத்தமாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

செல்லின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் வெளியிலிருந்து ஒட்டிய பிசுக்கு அல்ல. செல்லே தன் உள்ளே, நொதிகளின் உதவியால், புரதங்களில் கோத்து வெளியே அனுப்புபவை. உங்கள் ரத்த வகையே இதற்குச் சாட்சி: ஏ, பி வகைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு சங்கிலியின் நுனியில் உள்ள ஒரே ஒரு சர்க்கரைதான். ஆண்டுக்கணக்கில் காபியில் சீனி போடாதவருக்கும் ரத்த வகை மாறியதில்லை!

அந்தச் சர்க்கரை இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1992-இல் இஸ்ரேலில் இரண்டு குழந்தைகளிடம் ஒரு அரிய பரம்பரைக் குறைபாடு கண்டறியப்பட்டது. ஃபியூகோஸ் என்னும் சர்க்கரையை அவர்களின் செல்கள் சங்கிலியில் சேர்க்கவில்லை. வெள்ளணுக்கள் ரத்தக் குழாய்ச் சுவரைப் பற்றி உருண்டு நிற்க அந்தச் சர்க்கரை வேண்டும். பிடி கிடைக்காததால் அவை தொற்று உள்ள இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏராளமாக இருந்தும் குழந்தைகளுக்குத் தொற்று திரும்பத் திரும்ப வந்தது. அதே சர்க்கரை இல்லாததால் அவர்களின் ரத்த வகையும் அபூர்வமான பம்பாய் வகை.

குழப்பம் எங்கே வந்தது என்று ஊகிக்க முடிகிறது. நீரிழிவில் ரத்தத்தில் மிகுந்த குளுக்கோஸ், நொதியின் துணையின்றி ஹீமோகுளோபினில் தானாக ஒட்டிக்கொள்ளும். ஹெச்பிஏ1சி பரிசோதனை அளப்பது அதை. இனிப்பைக் குறைப்பது நல்லதே, ஆனால் அதற்கான காரணம் செல்லின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் அல்ல.