டொமைன் உங்கள் பெயரில்தான் இருக்கிறது, விசா இருக்கும்வரை

நாடு மாறப்போகிறவர்கள் வங்கிக் கணக்கைப் பற்றி யோசிக்கிறார்கள், ஓட்டுநர் உரிமத்தைப் பற்றி, வரி எண்ணைப் பற்றி, பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பற்றியெல்லாம் யோசிக்கிறார்கள். டொமைனைப் பற்றி, அதாவது இணையதளத்துக்கும் மின்னஞ்சலுக்கும் வாங்கி வைத்திருக்கும் பெயரைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதில்லை. இணையத்துக்கு ஏது எல்லை, வருடா வருடம் பணம் கட்டினால் நம்மிடமே இருக்கப்போகிறது என்ற நினைப்பு. டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் வைத்திருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் சரிதான், குடியிருப்பு நிபந்தனை எதுவும் அங்கே இல்லை. நாட்டுக் குறியீட்டில் முடியும் டொமைன் என்றால் கதை வேறு. அந்தப் பெயர்களின் ஏட்டை வைத்திருக்கும் அந்தந்த நாட்டுப் பதிவகம் வைத்ததுதான் சட்டம். நீங்கள் அங்கே குடியிருக்க வேண்டும், அல்லது குடியுரிமை வேண்டும், அல்லது அங்கே நிறுவனம் இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லலாம். வாங்கும் நாளில் மட்டும் தகுதி இருந்தால் போதாது, வைத்திருக்கும் காலம் முழுக்க இருக்க வேண்டும் என்றும் சொல்லலாம். பல பதிவகங்கள் அப்படித்தான் சொல்கின்றன.

இதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் டாட் ஈயூ-வை விடப் பெரிய உதாரணம் இல்லை. 2006-ல் பொதுமக்களுக்குத் திறந்த இந்த டொமைனை பிரிட்டனில் அள்ளி அள்ளி வாங்கினார்கள், 2018 வாக்கில் அங்கே மட்டும் 3 லட்சத்துக்கும் மேல் இருந்தன. அந்த வருடம் மார்ச் மாதமே ஐரோப்பிய ஆணையம் அறிவித்துவிட்டது: ஒன்றியத்தை விட்டுப் பிரிட்டன் வெளியேறினால் (பிரெக்சிட்) அங்கே இருப்பவர்கள் டாட் ஈயூ வைத்திருக்கும் தகுதியை இழப்பார்கள், புதிதாக வாங்கவும் முடியாது, இருப்பதைப் புதுப்பிக்கவும் முடியாது. வெளியேறியபின் பழைய விதிகளே தொடர்ந்த இடைக்காலம் 2020 டிசம்பர் 31-ல் முடிந்தது. மறுநாள், புத்தாண்டு அன்று, டாட் ஈயூ-வை நடத்தும் யூரிட் என்கிற பதிவகம் ஏறத்தாழ 80 ஆயிரம் டொமைன்களை முடக்கியது. முதலில் மார்ச் கடைசி வரை என்று கெடு கொடுத்து, பிறகு ஜூன் 30 வரை நீட்டித்தார்கள். அதற்குள் தகுதியைக் காட்டியவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. மற்றவை ஜூலையில் 'திரும்பப் பெறப்பட்டவை' என்ற நிலைக்குப் போய், 2022 ஜனவரி 1-ல் ரத்தாயின. 2022 ஜனவரி 3 முதல் அதே பெயர்கள் கொத்துக் கொத்தாக மறுபடி விற்பனைக்கு வந்தன, தகுதியுள்ள யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று. (பிரெக்சிட்டுக்காகப் பிரசாரம் செய்த லீவ் டாட் ஈயூ அமைப்பின் தளமும் இந்த டொமைனில்தான் இருந்தது. 2021 தொடக்கத்தில் அதன் பதிவு முகவரி அயர்லாந்துக்கு மாறியிருப்பது செய்தியாகி, கேள்வி எழுந்து, தளம் முடங்கியது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.)

முன்கூட்டிச் சொல்லவில்லை என்று யூரிட் மேல் யாரும் குறை சொல்ல முடியாது. 2020 அக்டோபரில் மின்னஞ்சல் அனுப்பினார்கள், டிசம்பரில் மறுபடி அனுப்பினார்கள். என் கோபம் வேறு இடத்தில். வாங்கிய நாளில் எல்லா விதிக்கும் உட்பட்டு வாங்கியவரிடம், அவர் எதுவுமே செய்யாதபோது, காலடியில் இருந்த நாடு நகர்ந்துவிட்டது என்பதற்காகப் பெயரைப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்? புதிதாக வாங்குவதை நிறுத்துங்கள், சரி. இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதையும் நிறுத்துங்கள், அதுவும் சரி. இருப்பவர் இருந்துவிட்டுப் போகட்டுமே. விதியை வளைக்க முடியாது என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் 2019 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியமே வளைத்தது. அதுவரை ஐரோப்பாவில் குடியிருந்தால்தான் டாட் ஈயூ. அதற்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் உலகத்தில் எங்கே இருந்தாலும் வைத்துக்கொள்ளலாம். லண்டனில் குடியிருந்த போலந்துக்காரரும் பிரெஞ்சுக்காரரும் இதனால்தான் தப்பித்தார்கள். அதுவும் தானாக நடக்கவில்லை. பதிவு விவரத்தில் குடியுரிமை நாடு என்று ஒரு பெட்டி இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்திருக்க வேண்டும். அந்த ஒரு பெட்டி காலியாக இருந்து, முகவரி மட்டும் பிரிட்டனில் இருந்தால், பதிவகத்தின் கண்ணுக்கு நீங்கள் தகுதியில்லாதவர்.

இனி, முடக்கம் என்றால் நடைமுறையில் என்ன ஆகும் என்று பாருங்கள். தளம் திறக்காது என்பதைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். தளம் போனால் போகட்டும், கோப்புகள் உங்களிடம் இருந்தால் வேறு பெயரில் ஒரு மாலைக்குள் ஏற்றிவிடலாம். போவது மின்னஞ்சல். பதிவகம் தன் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் தளத்தோடு சேர்ந்து அஞ்சலும் நின்றுவிடும். எழுதியவருக்கு 'இப்படி ஒரு டொமைன் இல்லை' என்று ஓர் இயந்திரக் கடிதம் திரும்பிப் போகும், உங்களுக்கு ஒன்றுமே வராது. வங்கி அனுப்பும் ஒற்றைமுறைக் குறியீடு அந்த முகவரிக்கு, வரித்துறை உள்நுழைவு அந்த முகவரிக்கு, சமூக ஊடகக் கடவுச்சொல்லை மீட்கும் இணைப்பு அந்த முகவரிக்கு. இதில் உச்சம் என்னவென்றால், டொமைன் விற்ற நிறுவனத்தில் நீங்கள் கொடுத்த தொடர்பு முகவரியும் பலருக்கு அதே டொமைனில்தான் இருக்கிறது. முடக்கியபின் எவ்வளவு அவசரமான கடிதம் அனுப்பினாலும், முடங்கிய பெட்டிக்கே அனுப்புகிறார்கள்.

அடுத்தது இன்னும் மோசம். ரத்தான பெயரை வேறொருவர் வாங்குகிறார். விடுபடும் டொமைன்களுக்காகக் காத்திருந்து அள்ளுவதையே தொழிலாகச் செய்கிறவர்கள் உண்டு. வாங்கியவர் அஞ்சல் அமைப்பில் ஒரே ஒரு தேர்வை இயக்கினால் போதும், அட் குறிக்கு முன்னால் எந்தப் பெயர் இருந்தாலும் எல்லாக் கடிதமும் அவருடைய ஒரே பெட்டியில் விழும். உங்கள் பழைய பெயருக்கு வரும் அறிவிப்புகளைப் பார்த்தே நீங்கள் எங்கெல்லாம் கணக்கு வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம், பிறகு 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று அழுத்தலாம். பூட்டை உடைக்க வேண்டிய வேலையே இல்லை.

ஐரோப்பா மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். கனடாவின் டாட் சிஏ-வுக்குக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்பாளராகவோ இருக்க வேண்டும், அல்லது கனடா நிறுவனம், கனடாவில் பதிவான வணிகக் குறி போன்ற வேறு வழிகளில் ஒன்று வேண்டும். அமெரிக்காவின் டாட் யுஎஸ்-க்கும் குடிமகன், நிரந்தர வசிப்பாளர், அமெரிக்க நிறுவனம், அங்கே முறையாகத் தொழில் நடத்தும் வெளிநாட்டு நிறுவனம் என்று வகைகள் இருக்கின்றன. நீங்கள் எந்த வகையில் பதிந்தீர்கள் என்பதைக் குறிப்பிட்டே வாங்கியிருப்பீர்கள். கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புகிறவருக்கு நிரந்தர வசிப்பாளர் வகை அன்றோடு பொருந்தாது. ஆஸ்திரேலியாவும் அந்த நாட்டோடு ஒரு தொடர்பைக் கேட்கிறது. விசா நிலையை நம்பி வாங்கிய டொமைன் விசாவோடு போகும் என்று வாங்கும்போதே பெரிய எழுத்தில் போட வேண்டியதுதானே? விற்கிறவர்கள் போடமாட்டார்கள், சம்மதம் என்று ஒரு கட்டத்தில் டிக் போட வைத்துவிட்டு முதல் வருடத் தள்ளுபடியைப் பெரிதாகப் போடுவார்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் உங்களுக்கு வேறு தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். குடியிருப்பு போனாலும் குடியுரிமை இருக்கலாம், நீங்கள் போனாலும் அங்கே பதிவான உங்கள் நிறுவனம் இருக்கலாம். இருந்தால், கிளம்பும் முன்பே பதிவு விவரத்தை அதற்கேற்ப மாற்றுங்கள், ஆவணம் கேட்டால் காட்டத் தயாராக இருங்கள். தகுதியுள்ள மனைவி, கணவர், அண்ணன், தங்கை பெயருக்கு முறைப்படி மாற்றலாம், அதில் தப்பில்லை. ஆனால் மாற்றிய நொடியிலிருந்து அது அவர்களுடையது, பிறகு மனஸ்தாபம் வந்தால் பதிவகம் பஞ்சாயத்துக்கு வராது. நண்பர் வீட்டு முகவரியை உங்கள் முகவரி என்று போடும் யோசனையை விட்டுவிடுங்கள். பொய் விவரம் தெரிந்தால் விளக்கம் கேட்பார்கள், சரியான பதில் இல்லையென்றால் பெயர் போகும், அதன்பின் நியாயம் பேச உங்களுக்கு வாயும் இருக்காது.

உள்ளூர் முகவரி சேவை என்று ஒன்றை விற்கிறார்கள், அவர்கள் பெயரில் பதிந்து உங்களுக்குப் பயன்படுத்தக் கொடுப்பார்கள். ஒரு விளம்பரப் பக்கத்துக்கு, ஆறு மாத நிகழ்ச்சிக்கு என்றால் பரவாயில்லை. பிழைப்பு நடக்கும் பெயரை இப்படி வைப்பது, வீட்டுப் பத்திரத்தை அடுத்தவர் பெயரில் எழுதிவிட்டுச் சாவியை மட்டும் வாங்கிக்கொள்வது மாதிரி. அந்தச் சேவை நிறுவனம் நாளைக்கே மூடினால் பதிவகத்தின் ஏட்டில் உங்கள் பெயர் எங்கேயும் இருக்காது.

எந்த வழியும் இல்லையென்றால் இடம் மாறுங்கள், சீக்கிரம். குடியிருப்பு கேட்காத ஒரு பெயரை வாங்கி, பழையதிலிருந்து புதியதற்கு ஒவ்வொரு பக்கத்தையும் நிரந்தரமாகத் திருப்பிவிடுங்கள். அந்தத் திருப்பலைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கக் கூகுளே சொல்கிறது, அதனால் விசா முடியும் வாரத்தில் தொடங்கினால் வேலைக்கு ஆகாது. அதற்கும் முன்னால் அஞ்சல். கடவுச்சொல் மேலாளரை, அதாவது கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் செயலியைத் திறந்து பழைய முகவரியைத் தேடுங்கள், வரும் பட்டியல் நீளத்தைப் பார்த்துத் தலை சுற்றும், ஆனாலும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். வங்கியும் அரசுத் தளங்களும் முதலில், செய்தி மடல்கள் கடைசியில், அல்லது போகட்டும். பழைய அஞ்சல்களை உங்கள் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டொமைன் கணக்கின் தொடர்பு முகவரி, மறக்காமல், வேறு டொமைனில்.

முன்கூட்டியே பல வருடத்துக்குப் பணம் கட்டிவிட்டேனே என்று இன்பாக்ஸில் கேட்கிறார்கள். டாட் ஈயூ-வை ஒரே தடவையில் 10 வருடம் வரை பதிய முடியும். அப்படி நீண்ட காலத்துக்குப் பணம் கட்டியிருந்த பிரிட்டன்காரர்களின் பெயர்களும் அதே ஜனவரி 1 அன்று மற்றவர்களோடு சேர்ந்துதான் முடங்கின.