போத்தலையும் தேதியையும் பாருங்கோ

கிணற்றுத் தண்ணியில் எண்ணெய் கலந்தால் "கிணற்றுச் சொந்தக்காரர்தான் வழக்குப் போடலாம், ஒரு மாதம் கடந்தால் சரி, முடிஞ்சுது" என்று மேலே தம்பி எழுதினது பிழை. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் சுற்றாடல் அமைப்பொன்றின் தலைவர். 2019 ஏப்ரலில் 2 கோடி ரூபா இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வந்தது.

ஒரு மாதக் கணக்கு அடிப்படை உரிமை மனுவுக்கு (அரச தரப்பு உரிமையை மீறினது என்று உயர் நீதிமன்றத்தில் போடுகிற மனு) மட்டும்தான். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் (திருகோணமலையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கு), விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது.

அதைவிட, பரிசோதனைக்குக் கிணற்றுத் தண்ணி எடுக்கிற போத்தலைக் கவனியுங்கோ. எண்ணெய்ப் பரிசோதனைக்குக் கண்ணாடிப் போத்தல்தான். பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டி அளவு குறையும். கிணற்றுத் தண்ணியால் முதலில் அலசவும் கூடாது, எங்கட கை பழக்கத்தில் அதைத்தான் செய்யும். அலசும்போது போத்தலின் உள்சுவரில் படிந்த எண்ணெயும் சேர்ந்து அளவைக் கூட்டிக் காட்டும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த இடத்திலேயே பிடிப்பார்.