2014 விதி அப்படிச் சொல்லவில்லை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் ‘ஒரு டர்னில் (ஒருவரின் முறையில்) ஸ்லாட் (மந்திரம் போட இருக்கும் அளவான சக்தி) செலவாகும் மந்திரம் ஒன்றுதான், ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான்’ என்று சொல்லி, உங்கள் ஆட்டக்காரர் ஒரே டர்னில் இரண்டு மந்திரம் போடுவதை மறுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு தவறு. 2014 விதிப் புத்தகத்தில் தடை போனஸ் ஆக்‌ஷனுக்குத்தான் (வழக்கமான ஆக்‌ஷனோடு கூடுதலாகச் செய்யும் சிறு செயல்): அதில் ஒரு மந்திரம் போட்டால், அதே டர்னில் ஒரு ஆக்‌ஷன் எடுக்கும் கேன்ட்ரிப்பை (ஸ்லாட் செலவாகாத எளிய மந்திரம்) தவிர வேறெந்த மந்திரமும் போட முடியாது. போனஸ் ஆக்‌ஷனில் போடும் மிஸ்டி ஸ்டெப் மந்திரத்தைப் போட்ட விசார்ட் (மந்திரவாதி) அந்த டர்ன் முடியும்வரை, அடுத்தவர் மந்திரத்தைத் தடுக்கும் கவுன்ட்டர்ஸ்பெல்கூடப் போட முடியாது. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். போனஸ் ஆக்‌ஷனில் மந்திரமே இல்லையென்றால் தடையும் இல்லை. ஃபைட்டர் (போர்வீரர்) வகுப்பில் இரண்டு லெவல் எடுத்த விசார்ட், ஒரு ஆக்‌ஷனைக் கூடுதலாகத் தரும் ஆக்‌ஷன் சர்ஜ் வைத்து ஒரே டர்னில் ஸ்லாட் செலவாகும் ஃபயர்பால் மந்திரத்தை இரண்டு முறை தாராளமாக வீசலாம். உங்கள் ஆட்டக்காரரிடம் அதை மறுத்தது நியாயமில்லை.

நீங்கள் சொல்லும் ஒரு ஸ்லாட் கணக்கு 2024 புத்தகத்தில்தான் வந்தது. அதில் ஆக்‌ஷன் சர்ஜில் மந்திரம் போடவும் வழியில்லை.