பணிக்கர் ஓய்வுக்குப் பிறகு ஓவியரானவர் அல்ல

ஒரு நண்பர், "கே.சி.எஸ். பணிக்கர் வாத்தியார் வேலையிலேயே காலத்தைக் கழித்தார், ஓய்வு பெற்ற பிறகுதான் உருப்படியாக வரைந்தார், சோழமண்டலம் ஓவியர் கிராமமும் அப்புறம் வந்ததுதான்" என்று எழுதியிருக்கிறார். வருடங்களைப் பார்த்தாலே இது நிற்காது.

சென்னை ஓவியக் கல்லூரியில் அவர் முதல்வராக இருந்தது 1957 முதல் 1967 வரை. அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கியது 1963இல், அதாவது முதல்வர் நாற்காலியில் இருந்தபோதே. ஜாதகக் கட்டம் போலக் கோடுகள், நடுவே பொடிப்பொடியாக எழுத்து. வாசிக்கப் போனால் பிடி கொடுக்காது! நேரில் பார்த்தால், ஓய்வில் பொழுதுபோக்காக வரைந்தது என்று சொல்ல வாய் வராது.

சோழமண்டலமும் 1966இலேயே ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கிவிட்டது. அதைத் தனியாளாக அவர் கட்டியதாகவும் சொல்ல முடியாது. மாணவர்களும் சக ஓவியர்களும் பாத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி) போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற பணத்தில் வாங்கிய நிலம் அது. பெரும்பாலோர் அதே கல்லூரியில் படித்தவர்கள். வகுப்பறை இல்லாமல் அந்தக் கூட்டம் எங்கிருந்து வந்திருக்கும்?

சரி, நிர்வாக வேலை அவர் நேரத்தைத் தின்றது என்றால் ஒப்புக்கொள்ளலாம். தூரிகையைக் கீழே வைத்துவிட்டார் என்பது மட்டும் தவறு.