பழைய தேக்கும் மழையில் உப்பத்தான் செய்யும்

இடித்த வீட்டுத் தேக்கில் கதவு, சன்னல் செய்தால் மரம் முழுக்கக் காய்ந்துவிட்டதால் மழையில் இறுகவே இறுகாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பழைய தேக்கு அருமையான மரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் எத்தனை வருஷம் காய்ந்த மரமும் காற்றின் ஈரத்தை வாங்கி உப்பும், வெயிலில் சுருங்கும். தேக்கில் அது குறைவு, அவ்வளவுதான். அதுவும் பலகையின் அகலவாக்கில்தான்; நீளவாக்கில் கண்ணுக்கே தெரியாது.

சோதிப்பது சுலபம். கிருஷ்ணகிரி வெயில் கொளுத்தும் சித்திரையில், சட்டத்துக்குள் பலகை கோத்த பழைய கதவைப் பாருங்கள். பலகை ஓரத்தில் பெயின்ட் படாத மரம் மெல்லிய கோடாகத் தெரியும். ஐப்பசி அடைமழையில் அதே கோடு சட்டத்துக்குள் போயிருக்கும். அதனால் ஆசாரி நிலைக்கும் கதவுக்கும் நடுவே கொஞ்சம் சந்து விட்டால் தயவுசெய்து தடுக்காதீர்கள்.