கதையை நேசிப்பவர்கள் கல்வெட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை

"ஒரு நாவலுக்கு எதற்கய்யா குழு? படித்தோம், ரசித்தோம், மூடி வைத்தோம், அவ்வளவுதானே?" சோழர் காலத்தைக் களமாக வைத்து எழுத்தாளர் கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் நாவலின் வாசகர் குழு ஒன்றில் நான் சேர்ந்ததிலிருந்து நண்பர்கள் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விரிவாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

இந்த நாவல் பிறந்ததிலிருந்தே கூட்டமாகப் படிக்கப்பட்ட நாவல். 1950-லிருந்து 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. ஒரு வீட்டுக்கு வந்த இதழை வீடே படித்தது, பக்கத்து வீடும் படித்தது. வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மணியம் வரைந்த படங்களோடு பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் எத்தனையோ. கதை முடிந்ததும் "அப்புறம் இவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள்?" என்று வாசகர்கள் விடாமல் கேட்க, கல்கி முடிவுரை எழுதி அதில் பதில் சொன்னார். அந்தக் கேள்விகளைத்தான் நாங்களும் இன்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் சேரத் தயங்குகிறவர்களின் உண்மையான பயம் வேறு. "எது வரலாறு, எது கற்பனை என்று பிரித்துப் பார்த்தால் கதை கெட்டுப்போகும்" என்கிறார்கள். எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு.

நாவலின் முதல் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். ஆடிப் பதினெட்டு, வீரநாராயண ஏரி, கரையோரமாகக் குதிரையில் வரும் நாயகன் வந்தியத்தேவன். அந்த ஏரிதான் இன்றைய வீராணம். அந்த ஏரியை ஒட்டிய காட்டுமன்னார்கோயிலின் பழைய பெயர் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். அங்கே உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் சுவரில் இருக்கிறது, இராஜராஜ சோழனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை பற்றிய கல்வெட்டு. கொலை எந்த அத்தியாயத்தில் வருகிறது என்பது படித்தவர்களுக்குத் தெரியும். அதற்கான சாட்சியோ கதை தொடங்குகிற ஊரிலேயே கல்லில் நிற்கிறது. குழுவோடு போய் அந்தச் சுவர் முன்னால் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்கிறது. அவர்களும் அவர்களது உறவினர்களும் இழந்த நிலங்களைப் பற்றிப் பேசுகிறது. ரவிதாசன் என்ற பெயரை முதலில் கல்லில் காட்டியபோது எங்களோடு வந்திருந்த பலர் "அட, நிஜமான ஆளா!" என்றார்கள். நாவலில் அவன் நள்ளிரவில் காட்டில் சதி செய்யும் மந்திரவாதி, பாண்டியனுக்காகப் பழிவாங்கத் துடிப்பவன். கல்வெட்டிலோ ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரம்மாதிராஜன் என்ற பட்டம் இருக்கிறது. பிரம்மாதிராஜன் என்பது சோழ அரசில் உயர் அதிகாரிகளுக்குக் கொடுக்கப்பட்ட பட்டம். கொலை அரண்மனைக்கு எவ்வளவு பக்கத்திலிருந்து வந்தது என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிடுகிறது. வரலாற்றாசிரியர்களில் நீலகண்ட சாஸ்திரியார், இராஜராஜனுக்கு முன் அரியணையில் இருந்த உத்தம சோழனைச் சந்தேகித்தார், சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். எங்கள் குழுவிலும் இரண்டு கட்சி உண்டு, நான் பண்டாரத்தார் பக்கம். கல்கி கொலைக் காட்சியை விளக்கணைந்த இருட்டில் வைத்து, யார் குத்தியது என்பதை நம் யோசனைக்கு விட்டாரே, அது எவ்வளவு நேர்மையான முடிவு என்பது இந்தச் சச்சரவைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இராஜராஜனின் அக்காள் குந்தவையையும் இப்படித்தான், நாவலுக்குப் பிறகு கல்லில், இரண்டாவது முறை கண்டேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராஜராஜன், தான் கொடுத்தவை, அக்கன் கொடுத்தவை, பிறகு தன் பெண்டுகள் கொடுத்தவை என்று வரிசைப்படுத்துகிறான். தனக்கு அடுத்த இடத்தில் அக்காள், மனைவிமார் அதற்கும் பின்னால். அதே கோயிலில் அவளை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று குறிக்கும் கல்வெட்டும் உண்டு. வந்தியத்தேவனைப் பற்றி நமக்குத் துல்லியமாகக் கிடைப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். இந்தச் சிறு துரும்பிலிருந்து ஐந்து பாகத்துக்கும் தாங்கும் நாயகனை எழுப்பிய மனிதரை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. நாவலில் வரும் நந்தினிக்கோ பூங்குழலிக்கோ அந்தத் துரும்புகூடக் கிடையாது, முழுக்க அவர் கொடுத்த உயிர். இதைத் தெரிந்துகொண்டதால் நந்தினி மீதான என் ஈர்ப்பு கொஞ்சமும் குறையவில்லை.

2022-லும் 2023-லும் படம் வந்தபோது குழுவுக்குள் புதியவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். பழைய வாசகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. எந்த வாசல் வழியாக வந்தால் என்ன? செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக, அதாவது கற்கோயில்களாக, மாற்றியவர் சோழ அரசி செம்பியன் மாதேவி. கோனேரிராஜபுரத்தில் தன் கணவர் கண்டராதித்தரின் பெயரால் கோயில் எடுத்து, அவர் சிவலிங்கத்தை வணங்குவதுபோல் சிற்பமும் வைத்தவர். அப்படிப்பட்டவருக்கு நாவலில் ஏன் இவ்வளவு குறைவான இடம் என்று கேட்டது, படம் பார்த்துவிட்டு நாவலுக்கு வந்த ஒரு கல்லூரி மாணவிதான். பல காலமாகப் படித்துக்கொண்டிருந்த எங்களில் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. அவரோடு சேர்ந்து அந்த அத்தியாயங்களைத் திரும்பப் படித்தோம். அந்த அம்மையாருக்குக் கல்கி கடன்பட்டிருக்கிறார் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. இராஜராஜன் எங்கள் சாதி, சோழருக்குக் கீழ் இருந்த சிற்றரசர்களான பழுவேட்டரையர் எங்கள் சாதி என்று வரும் பேச்சு. அரியலூர் பக்கம் கீழையூர் இரட்டைக் கோயிலுக்குப் போய்ப் பழுவேட்டரையர்கள் எடுத்த அந்தக் கற்றளிகளைப் பார்த்தவர்களுக்குக் கேட்கவும் ரசிக்கவும் ஆயிரம் இருக்கின்றன. அதை விட்டுவிட்டு, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மனிதர்களை இன்றைய சண்டைக்கு ஆள் சேர்ப்பது வரலாற்றுக்கும் துரோகம், நாவலுக்கும் துரோகம். வாசகர் குழு நடத்துகிறவர்கள் இதை முதல் நாளே தயவு தாட்சண்யமின்றி நிறுத்த வேண்டும். நிறுத்தாத குழு சீக்கிரம் வெறும் சண்டைக் களமாகிவிடும்.

இந்தக் குழுக்களால் இன்னொரு நன்மையும் உண்டு. முன்பு நான் கோயிலுக்குப் போனால் சுவரைக் கவனித்ததே இல்லை. இப்போது எழுத்துகளின் மேல் வண்ணம் பூசியிருந்தாலோ, மணல் வீச்சால் சுத்தம் செய்து எழுத்து மழுங்கியிருந்தாலோ கண்ணில் உறுத்துகிறது, உள்ளூர்க்காரர்களிடமும் அர்ச்சகரிடமும் பேசத் தோன்றுகிறது. நாவலைக் காதலித்தவர்கள் இப்படிக் கல்லுக்கும் காவலாக மாறுவதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

அதனால் சேருங்கள். ஐந்து பாகமும் முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல் என்பதால் இணையத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். எந்த அத்தியாயத்தில் இருக்கிறீர்கள் என்று மட்டும் சேரும்போதே சொல்லிவிடுங்கள், அதைத் தாண்டி உங்கள் முன்னால் யாரும் வாய் திறக்க மாட்டோம். கோயிலுக்கு எங்களோடு வந்தால் ஒரு கைவிளக்கு கொண்டு வாருங்கள். எழுத்து தெரியவில்லையே என்று சுவரில் சுண்ணாம்போ மாவோ மட்டும் தேய்த்துவிடாதீர்கள். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தாலே போதும், படித்துவிடலாம்.