கனகுரி பாதியில் நின்றார், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்

எங்கள் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் போன வாரம் மறுபடியும் அந்தப் படம் வந்தது. கோட்டு போட்ட ஒரு ஜப்பானியப் பெரியவர் ஸ்டேடியத்தில் ஓடி வந்து எல்லைக்கோட்டைக் கடக்கிறார். "54 வருடம் ஆனாலும் மாரத்தானை முடித்தவர் இவர். நீங்களும் பாதியில் விட்டுவிடாதீர்கள்" என்று கீழே எழுதியிருந்தது. வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். நான் ஒன்றும் போடவில்லை. அந்த வாசகம் அந்த மனிதருக்குச் செய்கிற அநியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

அவர் பெயர் ஷிசோ கனகுரி. 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்கு ஜப்பான் முதன்முதலாக ஓர் அணியை அனுப்பியது. அணி என்றால் இரண்டே வீரர்கள். மாரத்தானுக்குக் கனகுரி, குறுகிய தூர ஓட்டங்களுக்கு யாஹிகோ மிஷிமா.

இந்த இரண்டு பேரை அனுப்பவே பெரும் பாடு பட வேண்டியிருந்தது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1909இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் உறுப்பினரானார். ஆசியாவிலிருந்து அங்கே போன முதல் ஆள் அவர்தான். அரசாங்கத்திடம் பேசிப் பார்த்தார், அக்கறை காட்டவில்லை. சரி, நாமே செய்துகொள்வோம் என்று 1911இல் தனியாக ஒரு விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த நவம்பரில் டோக்கியோவுக்குப் பக்கத்தில் ஹனேடாவில் தேர்வு ஓட்டம் நடந்தது. குளிர், மழை. கானோ தலைமை ஆசிரியராக இருந்த பள்ளியில் ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இருபது வயதுப் பையன் கனகுரி, 25 மைலை 2 மணி 32 நிமிடம் 45 விநாடியில் ஓடினான். அன்றைய உலகச் சாதனையைவிட 27 நிமிடம் குறைவு என்று சொன்னார்கள். தூரத்தைச் சரியாக அளந்தார்களா என்ற சந்தேகம் இன்றும் உண்டு. அவன் காலில் இருந்தது 'தாபி', அதாவது கட்டை விரலுக்குத் தனி இடம் விட்டுத் தைத்த ஜப்பானியத் துணிக் காலுறை. அது வழியிலேயே பிய்ந்துபோனது. மிச்ச தூரத்தை வெறுங்காலில் ஓடி முடித்தான்.

கனகுரியின் குடும்பம் பணக்காரக் குடும்பமில்லை. பயணச் செலவுக்குப் பள்ளியில் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து வசூல் செய்தார்கள். மிஷிமா பிரபு குடும்பத்துப் பிள்ளை, டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழக மாணவர். இருவரும் 1912 மே 16 அன்று டோக்கியோவிலிருந்து கிளம்பினார்கள். கப்பலில் விளாடிவோஸ்டாக், அங்கிருந்து சைபீரிய ரயில். ஸ்டாக்ஹோம் போய்ச் சேர 17 நாள் ஆனது.

போன இடத்திலும் நிம்மதியில்லை. கோடையில் அங்கே ராத்திரியிலும் வெளிச்சம் போகாது, தூக்கம் வரவில்லை. அணியின் மேலாளர் ஹியோசோ ஓமோரி அமெரிக்காவில் உடற்பயிற்சிக் கல்வி படித்தவர், ஜப்பானுக்குக் கூடைப்பந்தைக் கொண்டுவந்தவர். நவீனப் பயிற்சி முறை தெரிந்த ஒரே ஆளான அவர் காசநோயோடு படுத்துவிட்டார். (அடுத்த ஆண்டு ஜனவரியில் இறந்தும் போனார். அவரைப் பற்றி யாரும் பதிவு போடுவதில்லை.) ஆக, நாட்டின் முதல் ஒலிம்பிக் வீரர்கள் இரண்டு பேரும் கிட்டத்தட்டத் தாங்களாகவே பயிற்சி செய்துகொண்டார்கள்.

ஜூலை 6 தொடக்க விழா. மிஷிமா கொடியைப் பிடித்துக்கொண்டார், கனகுரி நாட்டின் பெயர்ப் பலகையை. 'ஜப்பான்' என்று எழுதக் கூடாது, எங்கள் மொழியில் எங்கள் நாட்டுக்கு என்ன பெயரோ அதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் கனகுரி. கடைசியில் ஆங்கில எழுத்தில் 'நிப்பான்' என்று எழுதிக்கொண்டு போனார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மற்ற நாடுகள் பட்டாளம் பட்டாளமாக அணிவகுத்துப் போகும் மைதானத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு சின்னக் கூட்டம். தோற்கப்போகிறோம் என்று அவர்களுக்கே ஓரளவு தெரிந்திருக்கும். ஆனாலும் பெயர் சரியாக இருக்க வேண்டும்!

மிஷிமா 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் முதல் சுற்றிலேயே கடைசி. 400 மீட்டரில் அரையிறுதிக்குத் தகுதி பெற்றும், உடம்பு ஒத்துழைக்காமல் விலகிக்கொண்டார்.

ஜூலை 14 மாரத்தான். மதியம் ஒன்றே முக்கால் மணிக்கு மேல்தான் ஓட்டத்தைத் தொடங்கினார்கள். வெயில் 32 டிகிரி வாக்கில். நமக்கு 32 டிகிரி பெரிதாகத் தெரியாது. ஆனால் மதிய வெயிலில், கிட்டத்தட்ட நிழலே இல்லாத பாதையில் 40 கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள். ஓட்டக்காரன் தண்ணீர் குடிக்கக் கூடாது என்ற நம்பிக்கையும் அந்தக் காலத்தில் பலமாக இருந்தது. 68 பேர் கிளம்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் முடிக்கவில்லை.

ஓட்டப் பாதை திரும்பும் இடமான சோலென்டுனாவில் திரும்பி ஸ்டேடியத்தை நோக்கி வரும் வழியில், 27 கிலோமீட்டர் வாக்கில், கனகுரிக்கு நினைவு தப்பியது. பக்கத்தில் இருந்த ஒரு சுவீடன் குடும்பம் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பழரசம் கொடுத்துத் தேற்றியது. கொஞ்சம் தெளிந்ததும் ரயில் பிடித்து ஊருக்குள் திரும்பிவிட்டார். ஓட்டத்தை நடத்தியவர்களிடம் முறையாகத் தகவல் சொல்லவில்லை. அதனால்தான் 'காணாமல் போன ஜப்பானியர்' என்ற கதை சுவீடனில் பல ஆண்டுகள் ஓடியது.

அதே நாள், அதே பாதை, அதே வெயில். போர்ச்சுக்கலின் பிரான்சிஸ்கோ லாசரோவும் ஓடினார். போர்ச்சுக்கலுக்கும் அதுதான் முதல் ஒலிம்பிக், அந்த நாட்டின் கொடியைப் பிடித்து வந்தவர் அவர்தான். ஊரில் தச்சு வேலை செய்துகொண்டிருந்தவர். வெயிலுக்குப் பாதுகாப்பு என்று உடம்பில் கொழுப்பு பூசியிருந்தார் என்றும், வியர்வை வெளியேற வழியில்லாமல் போனது என்றும் சொல்கிறார்கள். 30 கிலோமீட்டரை நெருங்கும்போது விழுந்தார். மறுநாள் காலை மருத்துவமனையில் இறந்தார். நவீன ஒலிம்பிக்கில் போட்டியின்போது விழுந்து உயிர்விட்ட முதல் வீரர் அவர்.

இப்போது அந்த வாட்ஸ்அப் வாசகத்தை மறுபடி படித்துப் பாருங்கள். "பாதியில் விட்டுவிடாதீர்கள்." கனகுரி பாதியில் விட்டவர். விட்டதால் 92 வயது வரை இருந்தார்.

இதில் எனக்குக் கோபம் வரக் காரணம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு போட்டியில் எங்கள் குழுவில் ஒரு நண்பர் 30 கிலோமீட்டரிலிருந்தே தள்ளாடினார். வியர்வை நின்றுவிட்டது, பேச்சு குழறியது. பெயருக்கு நேரே டி.என்.எஃப்., அதாவது 'ஓட்டத்தை முடிக்கவில்லை' என்று வந்துவிடும் என்ற பயத்தில் நிற்க மறுத்தார். நாங்கள் கையைப் பிடித்து உட்கார வைத்து ஆம்புலன்ஸில் ஏற்றினோம். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. இன்று நன்றாக ஓடுகிறார். அவர் காதில் அன்று ஒலித்துக்கொண்டிருந்ததும் இந்த மாதிரி வாசகங்கள்தான்.

அப்புறம், அந்த 54 வருடத்தில் கனகுரி என்ன செய்தார் என்பதை அந்தப் படம் மறைத்துவிடுகிறது. என்னமோ அத்தனை வருடமும் ஸ்டாக்ஹோமையே நினைத்து ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதிரி.

தோற்ற மறுநாள் காலை அவர் நாட்குறிப்பில் எழுதியது இருக்கிறது. வாழ்நாளெல்லாம் மறக்க முடியாத அவமானம் என்று வருந்துகிறார். ஆனால் தோல்விதான் வெற்றிக்கு அடித்தளம், மழை பெய்த பிறகு தரை இறுகும், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும் என்றும் எழுதுகிறார். அதோடு நிற்காமல் தோல்விக்கான காரணங்களைத் தேடிப் போனார். வெயில் ஒரு காரணமா? ஊருக்குத் திரும்பியபின் கோடைகாலத்தில் கடற்கரை மணலில் ஓடிப் பழகினார். துணித் தாபி ஐரோப்பாவின் கெட்டியான சாலைக்குத் தாங்கவில்லையா? தாபி தைக்கும் கடைக்காரரோடு உட்கார்ந்து ரப்பர் அடிப்பாகம் வைத்து ஓட்டத்துக்கென்றே ஒரு தாபியை உருவாக்கினார். தனியாக ஓடியது காரணமா? அப்படியானால் நிறையப் பேர் ஓட வேண்டும். 1920இல் ஹகோனே எகிடென் என்ற கல்லூரி அஞ்சல் ஓட்டத்தைத் தொடங்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. முதல் ஆண்டு நான்கே கல்லூரிகள். இன்று ஒவ்வொரு புத்தாண்டிலும் ஜனவரி 2, 3 தேதிகளில் ஜப்பானே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்ப்பது அதைத்தான். மாணவிகள் ஓடுவதைப் பலர் விரும்பாத காலத்தில், பெண்கள் பள்ளியில் ஆசிரியராக இருந்து அவர்களை மைதானத்துக்கு அழைத்து வந்ததும் இவர்தான்.

அவர் நல்ல ஃபார்மில் இருந்தபோது வர வேண்டிய 1916 பெர்லின் ஒலிம்பிக், போரினால் நடக்கவே இல்லை. 1920இல் ஆண்ட்வெர்ப்பில் ஓடி 16ஆவதாக வந்தார். அதே ஓட்டத்தில் 19ஆவதாக வந்தவர் நம் நாட்டு ஃபதேப்பா சௌகுலே. தோராப்ஜி டாட்டா முயற்சி எடுத்து அனுப்பிய அணியில் போனவர். அவரைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1924இல் பாரிஸிலும் கனகுரி ஓடினார், அங்கும் முடிக்கவில்லை. ஆக, 'காணாமல் போனவர்' தன் சொந்தப் பெயரிலேயே இன்னும் இரண்டு ஒலிம்பிக்கில் ஓடியிருக்கிறார்.

ஜப்பானின் முதல் பதக்கங்கள் 1920இல் டென்னிஸில் வந்தன. 1928இல் ஆம்ஸ்டர்டாமில் மிகியோ ஓடா மும்முறைத் தாண்டுதலில் தங்கம் வென்றார், கினுயே ஹிடோமி 800 மீட்டரில் வெள்ளி. 1936 பெர்லின் மாரத்தான் தங்கமும் ஜப்பான் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதை வென்ற சோன் கீ சுங் ஒரு கொரியர். தன் நாட்டை அடிமைப்படுத்தியவர்களின் கொடியின் கீழ் ஓட வேண்டியிருந்தது. அதைக் கனகுரி கண்ட கனவின் பலன் என்று எழுதுகிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன். அது கொரியாவின் தங்கம்.

1967 மார்ச்சில் சுவீடன்காரர்கள் 75 வயது கனகுரியை அழைத்து, அதே ஸ்டேடியத்தில் எல்லைக்கோட்டைக் கடக்க வைத்தார்கள். 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.379 விநாடி என்று அறிவித்தார்கள். நீண்ட பயணம், நடுவில் கல்யாணம் ஆகி ஆறு பிள்ளைகளும் பத்துப் பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள் என்று அவர் சொன்னார். அழகான தருணம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. அன்று சுவீடனில் அந்தக் குடும்பத்தார் ஒரு டம்ளர் பழரசம் கொடுத்து உட்கார வைத்திருக்காவிட்டால் அந்தத் தருணமே இல்லை.

குழுவில் இருக்கிறவர்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த முறை அந்தப் படத்தை அனுப்பும்போது கீழே இருக்கிற வாசகத்தை எடுத்துவிட்டு, 27ஆவது கிலோமீட்டரில் நின்றவர் என்று எழுதுங்கள். பக்கத்தில் லாசரோவின் பெயரையும் போடுங்கள்.